வாயைத் திறக்காத வலி



“ஏனுங்கய்யா, நாய்க்குப் பல்லு தேய்ச்சு வுடறீங்களாமா?” என்ற கேள்வி சில வாரங்களாக என்னைத் தொடர்ந்து வருகிறது. ஆராதனை முடிந்து விடைபெறும்போது கேட்டவர்கள் உண்டு. தறிப்பட்டறை வாசலில் நிறுத்திக் கேட்டவர்களும் உண்டு. எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. நம் பிள்ளைகளை இரவில் ஒருமுறை பல் துலக்க வைப்பதற்கே நாம் போராடுகிறோம். அப்படியிருக்க, குருமனைத் திண்ணையில் அமர்ந்து ஒரு நாட்டு நாயின் பல்லைத் துலக்கும் போதகர் வேடிக்கையாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் சிரித்தவர்களில் இருவர் பின்பு தனியே வந்து, “எங்க வீட்டு நாய்க்கும் வாய் நாறுதுங்கய்யா, என்ன செய்யறது?” என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைக் காட்டிலும், முழுவதையும் ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று எண்ணி, இந்த வாரச் சிந்தனையை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். சிறிய காரியம் என்று தள்ளிவிடாமல் இறுதிவரை வாசியுங்கள். ஓர் உயிரின் வலியும், அதோடு விளையாடும் நம் குழந்தைகளின் பாதுகாப்பும் இதற்குள் அடங்கியிருக்கின்றன.

திருமறையில் நாய்க்கு நல்ல பெயர் அதிகம் இல்லை. பெரும்பாலும் அது இகழ்ச்சிச் சொல்லாகவே வருகிறது. ஆயினும் மேசையின் கீழே துணிக்கைகளுக்குக் காத்திருக்கும் நாய்களை ஒரு தாய் தன் வழக்குக்குச் சாட்சியாக அழைக்கிறாள். செல்வந்தனின் வாசலில் கிடந்த லாசருவை மனிதர் எவரும் அண்டாதபோது, அவன் புண்களின் அருகே வந்தவை நாய்களே. நீதிமொழிகளின் 12-ஆம் அதிகாரம் நீதிமானை அடையாளம் காட்டும்போது, அவன் வளர்க்கும் விலங்கின் நலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நம் வெண்ணந்தூரில் அந்தக் கணக்கு பெரும்பாலும் நாயிடம்தான் தொடங்குகிறது. இரவெல்லாம் தறிக்கூடத்தையும், கிழங்குக் காட்டையும், கோழிகளையும் காத்து நிற்பது அதுதானே!

நாயின் வாய்க்குள் என்ன நடக்கிறது?

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். குட்டிக்கு 28 பால்பற்கள்; அவை விழுந்து, ஏறத்தாழ ஏழு மாதத்துக்குள் நிலையான பற்கள் முளைத்து முடிகின்றன. நமக்கு வருவதுபோல் பற்சொத்தை நாய்களுக்கு அதிகம் வருவதில்லை. அவற்றின் துன்பம் பெரும்பாலும் ஈறுகளிலிருந்தே தொடங்குகிறது.

உணவு உண்ட சில மணி நேரத்துக்குள் பற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது கிருமிகளின் குடியிருப்பு. அன்றே துடைத்தால் துணிக்கே வந்துவிடும். விட்டுவிட்டால், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, இரண்டு மூன்று நாட்களிலேயே அது காரையாக இறுகத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உப்புப் படிந்து கெட்டிப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அதே செயல்தான். நாயின் உமிழ்நீரில் காரத்தன்மை கூடுதலாக இருப்பதால் காரை விரைவாகப் படிகிறது. பிறகு ஈறு சிவந்து வீங்குகிறது. பல்லைவிட்டுச் சிறிது சிறிதாக விலகுகிறது. அந்த இடைவெளியில் கிருமிகள் இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பையே கரைக்கின்றன. மூன்று வயதைக் கடந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓரளவேனும் ஈறு நோய் இருக்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் செய்தி. நாம் “நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யும்” என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆரோக்கியமான நாயின் வாயில் அப்படிப்பட்ட துர்நாற்றம் இருப்பதில்லை. நாற்றம் நோயின் முதல் அறிக்கை.

இதில் துயரமான பகுதி ஒன்று உண்டு. பல் வலிக்கும் நாய் பெரும்பாலும் அழுவதில்லை, உணவைக்கூட நிறுத்துவதில்லை. “தின்கிறதே, வலி இருந்தால் தின்னுமா?” என்று நாம் கேட்கிறோம். தின்னும். ஒரு பக்கமாக மெல்லும், மெல்லாமல் விழுங்கும், வாயிலிருந்து சோற்றுருண்டை நழுவி விழும், அதை மறுபடி எடுக்கும். எச்சில் வழக்கத்துக்கு மேல் ஒழுகும்; முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொள்ளும்; தண்ணீர்ப் பாத்திரத்தில் இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்திருக்கும். பலவீனத்தை வெளிக்காட்டாமல் மறைப்பது அதன் இயல்பிலேயே ஊறியது. ஆகவே, பார்ப்பவர் கண் விழித்திருந்தால் ஒழிய, அந்த வலி வெளியே வருவதில்லை.

ஒரு வீட்டில் நடந்தது

நம் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தில் நடந்ததை, அவர்கள் இசைவோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். அவர்கள் வீட்டில் ஏழு வயது ஆண் நாய் ஒன்று இருந்தது. அந்த வீட்டுத் தாத்தா குட்டியாகத் தூக்கி வந்தது. ஐந்து வயதுப் பேரன் அதன் முதுகில் சாய்ந்துகொண்டுதான் எழுத்துப் படிப்பான். ஒருநாள் அவன் வழக்கம்போல அதன் முகத்தை இரு கைகளாலும் பிடித்து முத்தமிடப் போனபோது, நாய் உறுமிக்கொண்டே காற்றைக் கடித்தது. பல் படவில்லை. ஆனால் அடுத்த வாரமும் அவ்வாறே நடந்தது. “வயசாகி வெறி பிடிக்குது போல” என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையோரம் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவாயிற்று. வண்டிக்கும் சொல்லியாயிற்று.

அந்த வாரம் ஜெபத்துக்காக அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தா மட்டும் பேசாமல் இருந்தார். காரணம் கேட்டபோதுதான் செய்தி தெரிந்தது. நாயைப் பார்த்தேன். அதன் இடக்கண்ணுக்குக் கீழே சிறு வீக்கம் ஒன்று இருந்தது. அது சில மாதங்களாக வருவதும் வடிவதுமாக இருப்பதாகவும், பூச்சிக்கடி என்று நினைத்து மஞ்சள் பூசியதாகவும் மருமகள் சொன்னார். “வண்டியை நாளைக்கு வரச் சொல்லுங்கள்; ஆனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் போகட்டும்” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மருத்துவர், நாயை அமைதிப்படுத்தியபின், உதட்டை உயர்த்திக் காட்டினார். மேல்தாடையில் கன்னத்துக்கு நேரே இருக்கும் மிகப்பெரிய பல் நெடுக்காகப் பிளந்திருந்தது. நாய் எலும்பைக் கடித்து உடைப்பது அந்தப் பல்லால்தான். அதற்கு மூன்று வேர்கள். வேர் நுனிகள் கண்ணுக்குச் சற்றுக் கீழே முடிகின்றன. ஆகையால் அங்கே சீழ் கட்டினால் வீக்கம் கண்ணுக்குக் கீழே தெரியும். கண் நோய் என்றோ பூச்சிக்கடி என்றோ நாம் எண்ணிக்கொள்வோம். மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அந்த நாய் பையனின் மடியில் தலை வைத்துப் படுத்தது. வண்டி தேவைப்படவில்லை.

நாய்க்கு வெறி இல்லை, குணமும் கெடவில்லை. அன்போடு அதன் முகத்தைத் தொட்ட ஒவ்வொரு கையும் ஒரு புண்ணை அழுத்தியது; அவ்வளவுதான். அதைச் சொல்ல அதற்கிருந்த ஒரே மொழி உறுமல். அந்த உறுமலுக்காகவே வீட்டைவிட்டு விரட்டப்பட இருந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் நம் மாவட்டத்துக் கொல்லிமலை எனக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதியரை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். ஜெஸ்ஸி பிராண்ட் மலைமக்களுக்கு மருந்து கொடுத்ததோடு, வலியோடு வந்தவர்களுக்குப் பல்லும் பிடுங்கினார். அந்த மலையில் 1914-இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்காக உழைத்தார். விரல்கள் தேய்ந்து அழிவதற்குப் பெருங்காரணம் வலி உணர்வு அற்றுப்போவதே என்று அவர் கண்டறிந்தார். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்த கை விலகுவதில்லை. முள் குத்திய கால் நிற்பதில்லை. வலி ஒரு கொடை என்று அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தது அந்த அனுபவத்தால்தான்.

நாய்க்கு அந்தக் கொடை குறைவின்றிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வலி வந்து எச்சரித்தபின் அதைக் கொண்டுபோய் மருத்துவரிடம் சொல்லும் நாவு அதற்கு இல்லை. அந்த வேலை நம்முடையது. தினமும் பல் துலக்குவதின் முதல் பயன் வெண்மையான பல் அன்று. நாள்தோறும் ஒருமுறை அந்த உதட்டை உயர்த்திப் பார்க்கிறோம் என்பதே.

துலக்குமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, மருத்துவரிடம் ஒருமுறை வாயைக் காட்டுங்கள். ஏற்கெனவே வலிக்கும் வாயில் தூரிகையை வைத்தால், நாய் தூரிகையையும் உங்களையும் சேர்த்தே வெறுக்கும். நம் ஊர்ப்பக்கத்துக் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. பெரிய சிகிச்சை தேவையென்றால், நாமக்கல்லில் 1985 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கோழிப்பண்ணைக்காரர்கள் மட்டும் போகும் இடம் என்று எண்ண வேண்டாம். அப்போதே வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் போடப்பட வேண்டிய அந்த ஊசி இல்லாத நாயின் வாய்க்குள் விரலை விடவே கூடாது.

இரண்டாவது, நாம் பயன்படுத்தும் பற்பசையை நாய்க்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது. வாய்க்குள் போவதெல்லாம் வயிற்றுக்குள் போகும். நம் பற்பசையில் உள்ள ஃப்ளோரைடும் நுரைப்பொருளும் விழுங்குவதற்கானவை அல்ல. சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் பொருள் நமக்குத் தீங்கற்றது. நாய்க்கோ கொடிய நஞ்சு. அது இரத்தத்தின் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்தித் தள்ளாட்டத்தையும் வலிப்பையும் உண்டாக்கும், கல்லீரலையும் கெடுக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மிலும் இது இருப்பதுண்டு. வீட்டில் எட்டும் இடத்தில் போட்டுவைக்காதீர்கள். உப்பு, சமையல் சோடா, சாம்பல், செங்கல் பொடி, கரித்தூள் ஆகியவையும் வேண்டாம். பாட்டியின் பல் கரித்தூளில் பளபளத்திருக்கலாம், நாயின் பல் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது, எளிதில் தேயும்.

மூன்றாவது, தேவையான பொருட்கள் மிகச் சில. குழந்தைகளுக்கான மிக மென்மையான பல்துலக்கி ஒன்று போதும். விரலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர்த் துலக்கியும் கிடைக்கிறது. நாய்களுக்கென்றே கோழிக்கறிச் சுவையில் செய்யப்படும் பசை செல்லப்பிராணிக் கடைகளில் உண்டு. அதை விழுங்கினால் தீங்கில்லை. வாங்க இயலாவிட்டால் வெறும் தண்ணீர் போதும். படலத்தை அகற்றுவது முக்கியமாகத் துலக்கியின் உரசலே. பசை நாய்க்கு விருப்பம் உண்டாக்குவதற்கே பெரிதும் உதவுகிறது.

வாயைத் தொடும் உரிமை

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, இன்னொருவர் வாயைப் பிளந்து தேய்த்தால் ஒருநாள் வேலை முடியும். மறுநாள் துலக்கியைக் கண்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும்; அல்லது கடிக்கும். நாயைப் பொறுத்தவரை வாய் அதன் உணவுப்பாத்திரம், கை, ஆயுதம் மூன்றுமாக இருக்கிறது. அதைப் பிறர் கையில் ஒப்புக்கொடுப்பது அதற்கு எளிதன்று. அந்த உரிமையை நாம் பிடுங்க இயலாது. அது தரும்வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு நாய்க்கு நாலு வயது. அதோடு நான் பின்பற்றிய ஒழுங்கைச் சொல்கிறேன். மாலை ஜெபம் முடிந்தபின், நாய் ஓடியாடிக் களைத்திருக்கும் வேளையைத் தேர்ந்துகொண்டேன். வழுக்கும் சிமெண்டுத் தரையில் கால் நிலைகொள்ளாமல் நாய் பதறும் என்பதால் ஒரு கோணிச்சாக்கை விரித்தேன். அதற்கு எதிரே குனிந்து நிற்காமல், பக்கத்தில், அதே திசை நோக்கி அமர்ந்தேன். மேலிருந்து கவியும் உருவம் எந்த நாய்க்கும் அச்சமூட்டும்.

முதல் வாரம் துலக்கி வெளியே வரவே இல்லை. கன்னத்தைத் தொடுவது, இரண்டு நொடி உதட்டை உயர்த்துவது, உடனே விட்டுவிடுவது. ஒவ்வொரு முறையும் அவித்த முட்டை வெள்ளைக்கருவில் நகக்கண் அளவு ஒரு துண்டு. முட்டைக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் வாழ்வதன் நன்மைகளில் இதுவும் ஒன்று.

இரண்டாம் வாரம் விரலில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, உப்பில்லாத கோழிச்சாற்றில் நனைத்து, முன்பற்களின் வெளிப்புறத்தை மெதுவாகத் தேய்த்தேன். அந்தச் சாற்றில் வெங்காயமும் பூண்டும் சேரக் கூடாது. அவை நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. நெசவுக்காரர் ஊரில் மெல்லிய பருத்தித் துணிக்குக் குறைவேது? சிலருடைய நாய் துலக்கியை ஏற்கவே ஏற்காது. அவர்கள் இந்தத் துணியோடு நின்றுவிட்டாலும் ஒன்றும் செய்யாமலிருப்பதைக் காட்டிலும் எவ்வளவோ மேல்.

மூன்றாம் வாரம் துலக்கியை அதன் முன் வைத்து முகர்ந்து பார்க்கவிட்டேன். பிறகு கோரைப்பல்லில் தொடங்கி இரண்டு மூன்று பற்கள் மட்டும். நான்காம் வாரத்துக்குப் பின்புதான் கடைவாய்ப் பக்கம் போக முடிந்தது. உங்கள் நாய்க்கு இரண்டு வாரம் போதுமானதாயிருக்கலாம். மூன்று மாதமும் ஆகலாம். நாட்காட்டியைப் பார்க்காமல் நாயைப் பாருங்கள்.

துலக்கும் முறை எளியது. வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. வாய் மூடியிருக்க, ஒரு கையால் உதட்டை மெதுவாக உயர்த்தி, பல்லும் ஈறும் சேரும் கோட்டை நோக்கித் துலக்கியைச் சாய்த்துப் பிடித்து, சிறு சிறு வட்டங்களாக நகர்த்துங்கள். பற்களின் வெளிப்புறம் போதும். உட்புறத்தை நாவு பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. கன்னத்தையொட்டிய பெரிய மேற்பற்களில்தான் காரை அதிகம் படியும். அங்கே சற்று நிதானியுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். தினமும் செய்வது சிறந்தது. இயலாவிட்டால் வாரத்துக்கு மூன்று நாளேனும் செய்யுங்கள். அதற்கும் குறைந்தால் படலம் நம்மை முந்திக்கொண்டு கெட்டிப்பட்டுவிடும். தொடக்க நாட்களில் ஈறு சிவந்திருந்தால் துலக்கியில் சிறிது இரத்தம் தெரியலாம். தொடர்ந்து வந்தாலோ, பல் ஆடினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

நிறுத்த வேண்டிய நேரம்

நாய் கடிப்பதற்கு முன்பு பல முறை சொல்லும். தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், மூக்கை அடிக்கடி நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்க்கும், உடல் கல்லாக இறுகும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கையை எடுத்துவிடுங்கள். அன்றைக்கு இரண்டு பல் மட்டும் துலக்கியிருந்தாலும் அது நல்ல நாள்தான். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல், இதற்குமேல் வேண்டாம் என்று அது கெஞ்சும் சொல். அதை அடித்து அடக்கினால், அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

குழந்தைகளை இந்த வேலையில் ஈடுபடுத்தாதீர்கள். முட்டைத்துண்டு எடுத்துக் கொடுக்கட்டும். வாய்க்கருகே கை வேண்டாம். பழக்கமில்லாத தெருநாயிடம் இரக்கத்தால்கூட இதைச் செய்ய முயலாதீர்கள். எவ்வளவு கவனமாயிருந்தும் பல் பட்டுவிட்டால், காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள். நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். அங்கே தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். வெறிநோய் முற்றி வெளிப்பட்டபின் அநேகமாக மீட்பில்லை; முன்பே ஊசி போட்டுக்கொண்டால் அஞ்சத் தேவையில்லை.

துலக்கியால் ஆகாத காரியங்களும் உண்டு. மஞ்சளாக, பழுப்பாக இறுகிப்போன காரையை அது கரைக்காது. அதைக் கத்தி முனையாலோ நகவெட்டியாலோ சுரண்டாதீர்கள், பல் கீறலாகும், கீறலில் இன்னும் விரைவாகக் காரை படியும், நாய் திடுக்கிட்டால் ஈறும் கிழியும். மருத்துவர்கள் மயக்க மருந்து கொடுத்தே காரையை நீக்குகிறார்கள். நோய் ஈறுக்கு அடியில் இருப்பதால், விழித்திருக்கும் நாயிடம் அங்கே சுத்தம் செய்ய இயலாது. “எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும்” என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. வேகவைத்த எலும்பு ஊசிபோலச் சிதறித் தொண்டையிலும் குடலிலும் குத்தும்; கெட்டியான எலும்பு பல்லையே பிளக்கும். நான் சொன்ன அந்த நாயின் பல் பிளந்ததற்கும் ஞாயிற்றுக்கிழமை எலும்பே காரணமாயிருக்கலாம் என்றார் மருத்துவர். எதைக் கடிக்கக் கொடுத்தாலும், நம் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் பதியாத பொருள் நாயின் பல்லுக்கும் அதிகக் கெட்டி.

பிரியமானவர்களே, வீடுகளைச் சந்திக்க வரும்போது சில வேளைகளில் நான் கவனிப்பதுண்டு. முறுக்குத் தட்டு வரும்போது “எனக்கு இப்ப பசியில்லை” என்று தள்ளிவைக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். சோற்றைக் குழையப் பிசைந்து ஒரு பக்கமாக மெல்லுகிறார்கள். பல் வலி என்று சொன்னால் மகனுக்குச் செலவு, தறி ஒருநாள் நிற்கும் என்று எண்ணிச் சொல்லாமல் இருக்கிறார்கள். பிறகு பேரப்பிள்ளைகளிடம் சற்றுச் சிடுசிடுத்தால், “அம்மாவுக்கு வயசாயிடுச்சு, குணம் மாறிப்போச்சு” என்று நாம் தீர்மானித்துவிடுகிறோம். விலங்கோடு மனிதரை ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாயின் உதட்டை உயர்த்திப் பார்க்கப் பழகிய கண், வீட்டில் வேறு யார் எதை மறைத்துக்கொண்டு மெல்லுகிறார் என்பதையும் காணக்கூடும். ஒருவர் முகம் கடுமையாகும்போது தீர்ப்புச் சொல்லுமுன், எங்கே வலிக்கிறது என்று கேட்பது கிறிஸ்தவக் குடும்பத்தின் வழக்கமாகட்டும். கேட்டவுடன் பதில் வராது. நாயிடம்போலவே, பக்கத்தில் அமர்ந்து, அவசரமில்லாமல், பல நாள் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். துலக்கியும் வேண்டாம், பசையும் வேண்டாம். மாலையில் உங்கள் நாயின் பக்கத்தில் அமர்ந்து கன்னத்தைத் தடவி, அது விடுமானால், இரண்டு நொடி உதட்டை உயர்த்திப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பா, கடுஞ்சிவப்பா? பற்களின் அடியில் பழுப்புக் கோடு உண்டா? பார்த்ததை அடுத்த ஞாயிறு என்னிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் போக வேண்டியிருந்து வண்டி வசதி இல்லாதவர்களும் தயங்காமல் சொல்லுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து போய்வரலாம்.

ஜெபம்

பேச நாவற்ற உயிர்களையும் உருவாக்கின ஆண்டவரே, எங்கள் வாசலைக் காக்கும் இந்த ஜீவனின் வலியை நாங்கள் காணும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். எங்கள் கைகளுக்குப் பொறுமையைத் தாரும். எங்கள் வீடுகளில் வலியைச் சொல்லாமல் இருப்பவர்களின் அருகே எங்களை அமரச் செய்யும். ஆமென்.